மலையேறும் பைக்கு எந்த ஊசி, எந்த நூல்?

பழைய பள்ளிக்கூடப் பை ஒன்றை எடுத்து மேசைமேல் போடுங்கள். எங்கே பிய்ந்திருக்கிறது? துணியின் நடுவில் ஓட்டை விழுந்திருப்பது அபூர்வம். தோள்வார் பையோடு சேருகிற இடம், ஜிப்பின் ஓரம், அடிமூலை, இந்த மூன்றில் ஒன்றுதான் விட்டுப் போயிருக்கும். மூன்றுமே தையல் ஓடுகிற இடங்கள்.

பிய்ந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள். சில பைகளில் நூல் அறுந்திருக்கும். துணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சில பைகளில் நூல் கெட்டியாகவே இருக்கும், ஊசி குத்திய ஓட்டை வரிசையிலேயே துணி கிழிந்திருக்கும். இன்னும் சிலவற்றில் நூலும் அறுந்திருக்காது, துணியும் கிழிந்திருக்காது. துணியோரத்து இழைகள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு தையலை விட்டு நழுவி வந்திருக்கும்.

"பை பிஞ்சுபோச்சு" என்று மூன்றையும் ஒரே பேச்சில் சொல்லிவிடுகிறோம். காரணமோ வேறு வேறு. நூல் அறுந்த பைக்கு நல்ல நூல் வேண்டும். ஓட்டை வரிசையில் கிழிந்த பைக்குத் தடித்த நூல் போட்டால் சேதம் கூடத்தான் செய்யும்: தடித்த நூலுக்குத் தடித்த ஊசி வேண்டும், தடித்த ஊசி பெரிய ஓட்டை போடும். மலையேற்றப் பை, கூடாரம், மழைக்காகத் தலைக்கு மேலே கட்டும் விரிப்பு போன்ற முரட்டுச் சாமான்களை வீட்டிலேயே தைக்க ஆசைப்படுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கெட்டியாக இருக்க வேண்டும் என்றதும் எல்லாவற்றையும் தடிமனாக வாங்கிவிடுகிறார்கள். ஆனால் துணி, ஊசி, நூல் மூன்றும் ஒன்றுக்கொன்று அளவாக அமைந்தால்தான் தையல் நிற்கும். அந்த அளவுக்குள் நிறைய இயற்பியலும் கொஞ்சம் வேதியியலும் இருக்கின்றன.

ஊசியைக் கையில் எடுங்கள்

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தையல் மெஷின் ஊசி ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கை ஊசியில் காது பின்பக்கம் இருக்கும். மெஷின் ஊசியில் அது முனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தச் சின்ன இடமாற்றம் இல்லாவிட்டால் இன்றைய தையல் மெஷினே இல்லை.

காது வைத்த ஊசியை மனிதர்கள் எலும்பில் செய்யத் தொடங்கிச் சுமார் 40,000 ஆண்டுகள் ஆகின்றன. சைபீரியாவில் அப்படிப்பட்ட ஊசிகள் கிடைத்திருக்கின்றன. அன்று முதல் காது பின்னால்தான் இருந்தது. கையால் தைக்கும்போது ஊசி முழுவதும் துணிக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும், நூல் அதன் பின்னால் வரும். மெஷினில் அது நடக்காது. ஊசியை மேலே திருகாணி பிடித்திருக்கிறது. முனை மட்டும்தான் துணிக்குள் போய்த் திரும்ப முடியும். ஆகவே நூலும் முனையிலேயே போக வேண்டும். முனையில் காதுள்ள ஊசியும், மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையலும் கொண்ட மெஷினுக்கு எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் 1846-ல் காப்புரிமை பெற்றார்.

இன்னும் பாருங்கள். ஊசியின் ஒரு பக்கத்தில் மேலிருந்து காது வரைக்கும் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. நகத்தால் வருடினால் தட்டுப்படும். மறுபக்கத்தில், காதுக்குச் சற்று மேலே, சின்னதாக ஒரு குழிவு. இவை இரண்டும் அழகுக்காக அல்ல.

மெஷினில் கீழ்நூல் சுற்றிய பாபின் இருக்கும் இடத்தின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, மிதிக்காமல், கைச்சக்கரத்தை மட்டும் மெதுவாகச் சுற்றும்படி பெரியவரிடம் சொல்லுங்கள். ஊசி துணிக்குள் இறங்குகிறது. நூல் பள்ளத்துக்குள் ஒடுங்கிக்கொண்டு கூடவே இறங்குகிறது. அடிவரை போன ஊசி மேலேறத் தொடங்குகிறது. சுமார் இரண்டு மில்லிமீட்டர் ஏறியதும் கவனியுங்கள். குழிவு இருக்கும் பக்கத்து நூலைத் துணி இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்த நூலால் ஊசியோடு மேலே வர முடியவில்லை. அதனால் அது வெளிப்பக்கம் புடைத்து ஒரு சின்னக் கண்ணி ஆகிறது. அதே நொடியில் சுழன்று வரும் கொக்கியின் முனை குழிவுக்குள் நுழைந்து கண்ணியைப் பிடித்து, பாபினைச் சுற்றி இழுத்துப் போகிறது. மேல்நூல் கீழ்நூலை வளைத்துக்கொள்கிறது. ஒரு தையல் முடிந்தது. வழக்கம்போல மிதித்துத் தைக்கும்போது இத்தனையும் ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்காத காட்சி.

ஊசிக்கும் நூலுக்கும் உள்ள பொருத்தம் முழுவதும் அந்தக் கண்ணியைப் பொறுத்தது. நூல் பள்ளத்தைவிடத் தடித்திருந்தால் வெளியே பிதுங்கித் துணியில் உரசும், இழை இழையாகப் பிரியும். கண்ணி ஒழுங்காக விழாது. கொக்கி அதைத் தவறவிட்டுவிடும். "தையல் தாவுது" என்று தையல்காரர்கள் சொல்வது இதைத்தான். நூல் மெலிந்து ஊசி தடித்திருந்தாலும் சிக்கல்தான். ஓட்டை பெரிதாகிவிட்டதால் துணிக்கு நூல்மேல் பிடி இருக்காது. பிடி இல்லையென்றால் கண்ணி புடைக்காது.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஒவ்வொரு தையலின்போதும் பாபினைச் சுற்றிவர நிறைய நூல் கீழே இறங்குகிறது. வேலை முடிந்ததும் அதில் பெரும்பகுதி மேலே இழுக்கப்பட்டுவிடுகிறது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் மட்டுமே துணியில் தங்குகிறது. அப்படியென்றால் நூலின் ஒரே பகுதி, தையலாகி அமர்வதற்கு முன், ஊசிக் காதுக்குள் பலமுறை போய்ப் போய் வருகிறது. காது இறுக்கமாக இருந்தால் அத்தனை முறையும் நூல் தேயும். பார்வைக்குத் தையல் நன்றாக இருக்கும், ஆனால் பலம் குறைந்த நூல்தான் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

பொருத்தத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஊசியை மெஷினில் மாட்டும் முன் சுமார் 30 செ.மீ. நூலில் கோத்துக்கொள்ளுங்கள். நூலின் இரு முனைகளையும் இரண்டு கைகளில் இழுத்துப் பிடித்து, ஒரு கையை மெல்ல உயர்த்துங்கள். நூல் பாதிச் சாய்வுக்கு வரும்போது ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். அசையாமல் நடுவில் நின்றால் காது சிறிது. சாய்க்கத் தொடங்கியதுமே சரசரவென்று ஓடிவிட்டால் காது பெரிது. கடையில் வாங்கும்போதே செய்து பார்க்கலாம்.

நம்பர் சொல்லும் கணக்கு

ஊசி உறையில் 90/14, 100/16, 110/18 என்று இரட்டை எண்கள் இருக்கும். கடைகளில் வழங்குவது இரண்டாவது எண்: 14-ஆம் நம்பர் ஊசி, 16-ஆம் நம்பர் ஊசி. அது வெறும் வரிசை எண்தான். முதல் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. அது ஊசித் தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. 90 என்றால் 0.9 மி.மீ., 110 என்றால் 1.1 மி.மீ.

சட்டைத் துணிக்குப் போடும் 14-ஆம் நம்பர் ஊசியை நான்கு மடிப்புக் கான்வாஸில் இறக்கினால் என்ன ஆகும்? வளையும். முனை சற்று விலகினாலே கொக்கிக்குக் கண்ணி எட்டாது. இன்னும் விலகினால் கீழ்த்தகட்டில் இடித்து ஒடியும். ஒடிந்த துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கலாம். தடித்த துணி தைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

18-ஆம் நம்பர் ஊசி 14-ஐவிட எவ்வளவு விறைப்பு? 0.9-க்கும் 1.1-க்கும் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் வட்டமான கம்பி ஒன்றின் வளையாத தன்மை அதன் விட்டத்தின் நான்காம் படியாக ஏறுகிறது. 1.1-ஐ 0.9-ஆல் வகுத்தால் 1.22. அதை நான்கு முறை எழுதிப் பெருக்குங்கள்: 1.22 × 1.22 × 1.22 × 1.22. விடை ஏறக்குறைய 2.2. விட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடியதற்கு விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஓட்டையின் பரப்பு விட்டத்தின் இரண்டாம் படியாக ஏறும். 1.22 × 1.22, அதாவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிய ஓட்டை. விறைப்பில் கிடைத்த லாபம் பெரிது, ஓட்டையில் வந்த நட்டம் சிறிது என்பதால் முரட்டுத் துணிக்கு 16, 18 நம்பர் ஊசிகள் சரிப்படுகின்றன. ஆனால் தேவையில்லாத இடத்தில் நட்டம் மட்டுமே மிஞ்சும். மெல்லிய கூடாரத் துணிக்கு 18 போடுவது வீண். வளையாமல் துளைக்கிற ஊசிகளில் எது மிகச் சின்னதோ, அதுதான் உங்கள் துணிக்கு உரிய ஊசி. என் தீர்ப்பு இதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊசி முனையிலும் வகைகள் இருக்கின்றன. திருப்பூரில் பனியன் துணி தைக்கும் ஊசியின் முனை லேசாக உருண்டிருக்கும். அது பின்னல் இழைகளைக் குத்திக் கிழிக்காமல் விலக்கிக்கொண்டு நடுவே போகும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் செருப்பு தைக்கும் ஊசியின் முனையில் வெட்டும் விளிம்பு இருக்கும். தோலில் விலகிப்போக இழைகள் கிடையாதே, வெட்டித்தான் ஆக வேண்டும். நம் பைத் துணி நெய்த துணி. அதற்கு ஜீன்ஸ் தைக்கும் கூர்முனை ஊசி பொருந்தும். "கெட்டியான துணிதானே" என்று தோல் ஊசியைப் போட்டுவிடாதீர்கள். அது ஒவ்வொரு குத்திலும் இழைகளை அறுத்துவிடும். பை ஓட்டை வரிசையில் கிழிவதற்கு இதைவிடக் குறுக்குவழி வேறில்லை.

கண்டில் இருக்கும் எண்

தையல் சாமான் கடைக்குப் பை தைக்க நூல் வாங்கப் போனால் பேச்சு இப்படித்தான் நடக்கும்.

"அண்ணே, நல்ல கெட்டி நூலாக் குடுங்க."

"என்ன தைக்கப் போற பாப்பா?"

"மலைக்குத் தூக்கிட்டுப் போற பை."

"வீட்டு மெஷினா, பவர் மெஷினா?"

"வீட்டு மெஷின்தான். எங்க பாட்டி மிதிச்சுத் தைக்கிறது."

"அப்ப 40 நம்பர் எடுத்துக்க. ஊசி 16 ஒண்ணு, 18 ஒண்ணு வாங்கி வெச்சுக்க."

"அந்த 120 நம்பர் இன்னும் கெட்டியா இருக்குமாண்ணே?"

"அது சட்டை நூல் பாப்பா. இதுல நம்பர் ஏற ஏற நூல் மெலிசு."

கடைக்காரர் சொன்னது சரி. நூல் கண்டில் இருக்கும் டிக்கெட் எண் தலைகீழ்க் கணக்கு. நேர்க் கணக்கு வேண்டுமானால் டெக்ஸ் என்ற அளவு இருக்கிறது: 1000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுவே டெக்ஸ். 3000-ஐ டிக்கெட் எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய டெக்ஸ் வந்துவிடும். 120 நம்பர் சட்டை நூல் டெக்ஸ் 25. 40 நம்பர் நூல் டெக்ஸ் 75, அதாவது ஒரு கிலோமீட்டர் நூல் 75 கிராம். வீட்டு மெஷின் சிரமமில்லாமல் தைக்கக்கூடிய எல்லை ஏறக்குறைய இதுதான். 20 நம்பர் நூலைப் போட்டால் மெஷின் திணறும். அது பெரிய மெஷின்களுக்கானது.

துணிக்கு இன்னோர் அளவு இருக்கிறது, டீனியர். 9000 மீட்டர் இழையின் கிராம் எடை அது. முதுகுப் பைகளுக்குப் பெயர்பெற்ற கோர்டுரா நைலானில் 1000 டீனியர் என்று ஒரு வகை உண்டு. 9 கிலோமீட்டர் இழை ஒரு கிலோ. டெக்ஸில் சொன்னால் 111. அதாவது துணியில் இருக்கும் ஒவ்வோர் இழையும் நாம் தைக்கும் நூலைவிடக் கனமானது!

"துணியைவிட நூல் மெலிந்து இருக்கலாமா?" என்று கேட்பீர்கள். இருக்கலாம், இருக்கவும் வேண்டும். என்றைக்காவது பாறையில் மாட்டி இழுபட்டால், ஏதாவது ஒன்று விட்டுத்தான் ஆகும். நூல் அறுந்தால் அதே ஓட்டைகளின் பக்கத்தில் மறுபடி தைத்துக்கொள்ளலாம். நூல் அறாமல் துணி கிழிந்தால் ஒட்டுப் போட வேண்டும், பை பழையபடி ஆகாது. அதனால் நூல் துணியைவிடச் சற்றே பலம் குறைந்திருப்பது நல்லது.

நூலின் அளவு போலவே நூலின் பொருளும் முக்கியம். பருத்தி நூல் நனைந்தால் வலுக் கூடும். கேட்க ஆச்சரியமாக இருக்கும், ஆனால் உண்மை. நனைந்தால் பருத்தி உப்பவும் செய்யும். ஆனால் பருத்தி என்பது செல்லுலோஸ். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை அதைத் தின்னத் தொடங்கிவிடும். நைலான் பையைப் பருத்தி நூலால் தைத்தால் துணி புதிதாக இருக்கும்போதே தையல் மக்கிவிடும்.

நைலானை 1935-ல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வேலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு வரத்து நின்றபோது அமெரிக்கப் பாராசூட்டுகள் நைலானுக்கு மாறின. நைலான் அறாமல் நன்றாக நீண்டு கொடுக்கும். பாறையிலிருந்து நீங்கள் குதிக்கும்போது தோள்வாரில் விழும் திடீர் இழுப்பை அது வாங்கிக்கொள்ளும். குறை என்னவென்றால் அது தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சும். உறிஞ்சினால் தொய்யும், வலுவும் சற்றுக் குறையும். மாலையில் விறைப்பாகக் கட்டிய நைலான் கூடாரம் இரவு மழைக்குப் பிறகு தொங்கிப்போவது இதனால்தான்.

பாலியெஸ்டரை 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அது தண்ணீரை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. நைலானைவிட வெயிலையும் நன்றாகத் தாங்கும். வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர்கள் இந்த இழைகளின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டிக்கின்றன. மொட்டைமாடியில் வருடக்கணக்காகக் கட்டிக் கிடக்கும் பிளாஸ்டிக் கொடிக்கயிறு கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே சேதம்தான். உயரமான மலைகளில் காற்று மெல்லியது என்பதால் இந்தக் கதிர்கள் அங்கே இன்னும் கடுமை.

முதல்முறை தைப்பவர்களுக்கு நான் பாலியெஸ்டர் நூலையே சொல்வேன். வார்களை மட்டும் பசைபூச்சு ஏற்றிய நைலான் நூலால் தைக்கலாம். அந்தப் பூச்சு முறுக்கிய புரிகளைப் பிரியவிடாமல் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கான்வாஸ் கூடாரத்துக்கு ஓர் அருமையான நூல் உண்டு: உள்ளே பாலியெஸ்டர், வெளியே பருத்தி சுற்றியது. மழை பட்டால் பருத்தி உப்பி ஊசி ஓட்டையை அடைக்கும். பாலியெஸ்டர் பாரத்தைத் தாங்கும். இரண்டு இழைகளின் குணத்தையும் அறிந்து ஒன்றாக்கிய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

ஓட்டை, இழுப்பு, மழை

தையல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பலம் என்று நினைப்பது இயல்பு. ஓரளவுக்கு உண்மையும்கூட; தையல்கள் கூடினால் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் நூல்கள் கூடும். ஒரு அளவைத் தாண்டினால் கதை மாறும். தபால்தலைத் தாளில் வரிசையாக ஓட்டை போட்டிருப்பது கிழிப்பதற்குத்தானே? முரட்டுத் துணியில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு குத்து குத்தினால் அதையேதான் செய்கிறீர்கள். 3 முதல் 4 மி.மீ. நீளத் தையல் போதும்.

அது போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 நம்பர் பாலியெஸ்டர் நூலின் ஓர் இழை சுமார் 4 கிலோ வரை தாங்கும். 25 மி.மீ. அகல வாரின் குறுக்கே 3 மி.மீ. தையலில் ஒரே ஒரு வரிசை ஓட்டினால் 8 தையல். ஏறத்தாழ 30 கிலோ. பை 10 கிலோ, வார் இரண்டு, ஒரு வாருக்கு 5 கிலோ. ஆனால் ஓடும்போதும் குதிக்கும்போதும் அந்த 5 கிலோ பல மடங்காகும். ஆகவே வார் முனையில் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் தைப்பார்கள். எந்தத் திசையில் இழுபட்டாலும் அதைத் தாங்கச் சில தையல்களாவது இருக்கும்.

இழுக்கும் திசை எவ்வளவு முக்கியம் என்று தெரிய, காகிதப் பட்டைகள் நான்கை எடுத்து, இரண்டிரண்டாக, முனைகள் 2 செ.மீ. ஏறிப் படும்படி பசையால் ஒட்டிக் காயவிடுங்கள். ஒரு சோடியை இரு முனைகளிலும் பிடித்து நேராக இழுங்கள். காகிதம் கிழிந்தாலும் ஒட்டு விடாது. மற்றதை ஒரு முனையிலிருந்து மேலே தூக்கி உரியுங்கள். எளிதாக வந்துவிடும். நேராக இழுக்கும்போது ஒட்டிய பரப்பு முழுவதும் பாரத்தைச் சுமக்கிறது. உரிக்கும்போது அந்தந்த நொடியில் ஒரே ஒரு கோடுதான் சுமக்கிறது. தையலும் அப்படியே. வார் உரிபடும் திசையில் இருந்தால் முதல் தையல் தனியாக நின்று அறும், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. நேராக இழுபடும்படி வாரை வைத்துவிட்டால் சாதாரண நூலே நெடுநாள் வரும்.

இழைகள் உருவி நழுவும் மூன்றாவது சேதத்துக்கு ஊசியும் நூலும் பொறுப்பல்ல. ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளித் தையுங்கள், ஜீன்ஸ் பேன்ட்டில் இருப்பதுபோல ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். தீர்ந்தது.

மழையில் நனையும் சாமானுக்கு ஓட்டையின் அளவு மறுபடி முக்கியமாகிறது. நீர்ப்புகாத் துணியில் சின்ன ஓட்டை இருந்தால் தண்ணீர் உடனே உள்ளே வந்துவிடாது. தண்ணீரின் பரப்பு இழுவிசை அதைத் துளியாகக் கூட்டிப் பிடித்திருக்கும். அழுத்தித் தள்ளினால்தான் நுழையும். ஓட்டையின் அகலம் இரண்டு மடங்கானால் நுழைவதற்குப் பாதி அழுத்தம் போதும். பழைய குடைத்துணியை ஒரு டம்ளர் வாயில் லேசாகக் குழிவாக வைத்து ரப்பர் பேண்ட் போட்டு, மெல்லிய ஊசியால் ஒரு குத்து குத்தித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இன்னொரு டம்ளரில் கோணி ஊசியால் குத்திப் பாருங்கள். கூடாரக் கூரைக்கு மெல்லிய ஊசி ஏன் என்பது விளங்கிவிடும். எத்தனை சிறிய ஓட்டையானாலும் நூல் வழியே ஈரம் கசியும் என்பதால் தையல்மேல் அடைப்புப் பசை பூசுவார்கள். சிலிக்கோன் பூசிய துணிக்குச் சிலிக்கோன் பசைதான் ஒட்டும், வேறு எதுவும் பிடிக்காது.

மெஷின் ஏற மறுக்கும் தடிமனும் வரும். வாரும் துணியும் மடிப்பும் சேரும் மூலைகளில் மிதிப்பதை நிறுத்திவிட்டு, கைச்சக்கரத்தால் ஒவ்வொரு தையலாக நகர்த்துங்கள். அதுவும் முடியாவிட்டால் கைவேலைதான். நம் ஊர் செருப்புத் தைப்பவரைப் பாருங்கள். குத்தூசியால் முதலில் ஓட்டை, பிறகு நூல். நூலில் தேன்மெழுகு தடவினால் சிக்காமல் ஓடும், ஈரமும் ஏறாது. காட்டில் பை பிய்ந்தால், ஓட்டுத் தையல் போடாதீர்கள். அது ஓரிடத்தில் அறுந்தால் உருவிக்கொண்டு வரும். ஒவ்வொரு குத்துக்கும் சற்றுப் பின்னால் வந்து போடும் கெட்டித் தையல் போடுங்கள். மலைக்குப் போகும் எவருடைய பையிலும் ஒரு பெரிய ஊசியும் சில மீட்டர் நூலும் இருக்க வேண்டும்.

பை தைப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அதே துணியின் வெட்டுத் துண்டுகளை எடுத்து, இரண்டிரண்டாக, ஒரு செ.மீ. நீளத்துக்கு மட்டும் தைத்து, நூல் முனைகளை முடிச்சிடுங்கள். ஒரு சோடிக்குச் சட்டை நூலும் 14-ஆம் நம்பர் ஊசியும், இன்னொன்றுக்கு 40 நம்பர் நூலும் 16-ஆம் நம்பர் ஊசியும், மற்றொன்றுக்கு அதே நூலோடு 18-ஆம் நம்பர் ஊசியும் போடுங்கள். மேல் துண்டை ஒரு கொக்கியில் மாட்டி, கீழ்த் துண்டில் ஒரு வாளியைக் கட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடுங்கள். கால்களைத் தள்ளி வைத்துக்கொண்டு லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. எத்தனையாவது லிட்டரில் விட்டது, விட்டது நூலா, ஓட்டை வரிசையா, துணியோரமா என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பைக்கான ஊசியையும் நூலையும் அந்த நோட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.